பட்டாணியின் பிழைகள்

இப்போது எந்தக் கல்லூரிக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். பிள்ளைகள் கட்டுரையைத் தாங்களாக எழுதுவதில்லையாம்; செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதுவித்துக்கொண்டு வந்து நீட்டுகிறார்களாம். எது பிள்ளை எழுதியது, எது இயந்திரம் எழுதியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓய்வுபெற்றவள் என்ற மரியாதைக்காக என்னையும் மேடையில் ஒரு கதிரையில் இருத்தி வைத்து, என் கருத்தையும் கேட்பார்கள். நான் பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். என் பிரச்சினை இதற்கு நேர்மாறாக இருந்தது என்று அந்த மேடையில் எப்படிச் சொல்வது? முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு பொலிஸ் நிலையத்தில், இயந்திரத்துக்கு முன்னால் இருந்தவள் இந்தப் பிள்ளைதான், வேறு யாருமில்லை என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி அவள் விட்ட பிழைகள்.

அப்போது நான் கண்டிக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது யாழ்ப்பாணம். உத்தியோகம் கண்டிக்குக் கொண்டுவந்தது, கல்யாணம் அங்கேயே இருத்திவிட்டது. எங்கள் பிரிவில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார், சிங்களவர். வெளிநாட்டில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவர் மற்றவர்களைப் போல ரேடியோவும் சூட்கேசும் கொண்டுவராமல் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். கொம்பியூட்டரைப் படிப்பிக்க வைக்கலாம் என்பதுதான் அது.

"சரியான விடை எது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை," என்றார் என்னிடம். நாங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். "பிள்ளைகள் எப்படியெல்லாம் பிழை விடுவார்கள் என்பது அதற்குத் தெரியவேண்டும். அது தெரிந்தால்தான் ஆசிரியர். எனக்கு அது தெரியாது. உமக்குத் தெரியும்."

புகழ்ச்சியா குத்தலா என்று யோசித்தேன். ஆனால் விஷயம் உண்மைதான். பதினொரு வருடமாகப் பிள்ளைகள் விட்ட பிழைகளை நான் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தேன். பிழைகளில் எனக்கு ஒரு ருசி. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் ஆளைப் பார்க்க முடியாது. பிழையான விடைக்குப் பின்னால்தான் ஆள் இருப்பார், அவர் படித்த பள்ளிக்கூடம் இருக்கும், அடித்துப் படிப்பித்த வாத்தியார் இருப்பார். என் கொப்பிகளிலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட பிழை வகைகளை எடுத்து நண்பருக்குக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் செல்லப் பெயரும் வைத்தேன். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் முதல் உறுப்பின் அடையாளத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறவர்களுக்கு "பாதிவழியில் இறங்கினவர்". பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதைத் தலைகீழாக்குகிறவர்களுக்கு "அவசரக்குடுக்கை".

நண்பர் இரவு பகலாக இருந்து அதற்கு உயிர் கொடுத்தார். பிள்ளை கணக்கைச் செய்யும்; கொம்பியூட்டர் விடையைப் பார்த்து, இது எந்த வகைப் பிழை என்று ஊகிக்கும்; அந்தப் பிழைக்கு ஏற்ற இன்னொரு கணக்கைக் கொடுக்கும்; திருந்தும்வரை விடாது. திரையில் தமிழ் எழுத்து வராது. ஆகவே நான் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன். "தம்பி, பாதி வழியில் இறங்கிவிட்டீர்" என்று அது சொன்னால் வகுப்பே சிரிக்கும். தங்கைமாரையும் அது தம்பி என்றுதான் கூப்பிட்டது. அதைத் திருத்த எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தொடங்கும்போது கொம்பியூட்டர் பெயரைக் கேட்கும். பெயர் வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு எந்தப் பிழை என்று அது எப்படி நினைவு வைத்திருக்கும்? இங்கேதான் நான் என் வாலைக் காட்டினேன்.

அதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கலவரத்தில் எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் கையில் கடதாசியோடு வந்தார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதில் பெயர் பெயராக இருந்தது. நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் மூன்று நாள் இருந்து தலை தப்பினோம். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, கேற்றில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றியது. அன்றிலிருந்து பெயர் எழுதச் சொல்லி யார் எந்தத் தாளை நீட்டினாலும் நான் பேனாவைத் தொடமாட்டேன். ஆகவே தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "உங்கட சொந்தப் பேர் போட வேண்டாம். விருப்பமான பேர் ஒண்டைப் போடுங்கோ. ஒவ்வொரு முறையும் அதையே போட்டாச் சரி."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருவன் மாங்காய் ஆனான், ஒருத்தி இடியப்பம் ஆனாள். அக்குறணையிலிருந்து வந்த ஒரு பையன் தன்னை சுல்தான் என்று போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளில் சிங்களப் பிள்ளைகளும் அதையே செய்தார்கள். தெற்கில் கிளர்ச்சியை அடக்குவதற்காகச் சிங்கள இளைஞர்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம் அது. தங்கள் பெயர் ஒரு பட்டியலில் இருப்பதை அவர்களும் விரும்பவில்லை. யார் எந்தப் பெயர் என்று எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்றும் நான் சட்டம் போட்டேன். நண்பர் தலையைச் சொறிந்தார், ஆனால் மறுக்கவில்லை. நான் பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு பிள்ளை வந்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சோக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள். நான் பொறுமைசாலி இல்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "பிள்ளை, கணக்கு நிலத்தில எழுதியிருக்கோ?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவள் கடைசி வாங்குக்குப் போய்விட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கொம்பியூட்டரை அவள் விட்டுப் போகமாட்டாள். அறுபது பிள்ளைகளுக்கு ஒரே கொம்பியூட்டர், ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று முறை வைத்திருந்தோம். யாராவது வராவிட்டால் அந்த நேரத்தையும் அவளே எடுத்துக்கொள்வாள். அதில் என்ன அப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு நான் யாருன்னு தெரியாதுங்க மிஸ்," என்றாள். "எத்தனை தடவ பிழை விட்டாலும் மொகத்த சுழிக்காது."

என் முகத்தைத்தான் சொல்கிறாள் என்று விளங்கியது. அந்த வெள்ளிக்கிழமையே கொம்பியூட்டர் அறையின் திறப்பை அவளிடம் கொடுத்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை, கல்லூரி பூட்டு, யாரும் வரமாட்டார்கள், விரும்பிய நேரம் இருந்து செய்யட்டும் என்று. திறப்பைக் கொடுப்பது விதிக்கு மாறு. பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கேற்றில் ஒரு மனிதர் வந்து நின்றார். கையில் குடை, தோளில் மடித்துப் போட்ட கோட்டு. பெயர்ப் பலகை இல்லாத வீட்டை எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பிள்ளையின் தகப்பன்.

"டீச்சரம்மா, புள்ளைய பொலிஸ்ல வச்சிருக்காங்க," என்றார். "நேத்து சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுல புடிச்சிட்டாங்களாம்."

உள்ளே கூப்பிட்டு இருத்தி விசாரித்தேன். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வாசலில் யாரோ ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது வெடிக்கவில்லை. துணிப்பை வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெண் அந்தப் பக்கம் நின்றாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு வத்தேகம பஸ்ஸுக்காக நின்ற இவளிடம் துணிப்பை இருந்தது. அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து ஒரு வருடமாகியும் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதே நிலைதான். மூன்று மணிக்குக் கல்லூரியில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பொலிஸ் விசாரித்தபோது காவலாளி, கல்லூரி பூட்டியிருந்தது, யாரையும் காணவில்லை என்று சொல்லிவிட்டான். அவள் பின்பக்கத்து ஒழுங்கையால் வந்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம்.

கொழும்புக்கு அனுப்பினால் என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போனவர்களில் சிலர் வருடக்கணக்கில் வரவில்லை. சிலர் வரவே இல்லை.

எனக்குக் கொம்பியூட்டரின் நினைவு வந்தது. யார் எத்தனை மணிக்குத் தொடங்கினார், எந்தக் கணக்குக்கு என்ன விடை போட்டார், எப்போது முடித்தார் எல்லாம் அதில் பதிவாகும். தகப்பனையும் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய், அவரையும் ஏற்றிக்கொண்டு அவருடைய பழைய காரில் கல்லூரிக்குப் போனோம். நண்பர் தன்னிடம் இருந்த மற்றத் திறப்பால் அறையைத் திறந்து, பதிவை எடுத்து பிரிண்டரில் அடித்தார். இரண்டு பக்கமும் துளை போட்ட கடதாசி ஐந்து தாள் நீளத்துக்கு வந்து விழுந்தது. சனிக்கிழமை, இரண்டு ஐந்துக்குத் தொடக்கம். நான்கு இருபதுக்கு முடிவு. நடுவில் ஐந்து நிமிட இடைவெளி கூட இல்லை. எனக்கு உயிர் வந்தது. பிறகு மேலே இருந்த பெயரைப் பார்த்தேன்.

பட்டாணி.

"இது உங்கட மகளோ?" என்று தகப்பனிடம் கேட்டேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். யார் பட்டாணி என்று எனக்கும் தெரியாது, நண்பருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். இதைக் கொண்டுபோய் பொலிஸில் கொடுத்தால், பட்டாணி என்று யாரும் போட்டிருக்கலாமே என்பார்கள். திறப்பை அவளிடம் கொடுத்தேன் என்று நான் சொன்னாலும், அந்த நேரம் அங்கே இருந்தது அவள்தான் என்று ஆகாது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே பெயரை நானே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நண்பர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"பிழைகளைப் பாரும்," என்றார் பிறகு. "உம்முடைய பிள்ளையை உமக்குத் தெரியாதா?"

பார்த்தேன். முதல் தாளில் முழுக்கப் பாதிவழியில் இறங்கின பிழை. அது அவளுடையதாக இருக்கலாம். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். மூன்றாம் தாளில் பிழைகள் குறைந்தன. நான்காம் தாளில் ஒன்றும் இல்லை. கொம்பியூட்டர் திருத்திவிட்டது. ஐந்தாம் தாளில் அடுத்த பாடம், சராசரி. அதில் மூன்று விடைகளுக்கு நேரே, பிழையின் வகை தெரியவில்லை என்று அது எழுதியிருந்தது.

அந்தப் பாடத்துக் கணக்குகளை எழுதியது நான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பழக்கமானதாக இருக்கட்டும் என்று ஒரு கணக்கில் தேயிலைக் கொழுந்தைப் போட்டிருந்தேன். ஒருவர் மூன்று தடவை கொண்டுவந்து தராசில் நிறுத்த கொழுந்து பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு கிலோ. சராசரி என்ன? விடை பதினைந்து. பட்டாணி போட்டது பதின்மூன்று. அடுத்தது போஞ்சிக்காய் மூட்டைகள். விடை இருபது, பட்டாணிக்குப் பதினெட்டு. மூன்றாவது அரிசி, அதிலும் இரண்டு குறைந்திருந்தது. இடையில் மாணவர்களின் உயரம் பற்றிய கணக்கு சரி. வயதுக் கணக்கும் சரி.

"கவனக்குறைவு," என்றார் நண்பர்.

"கவனக்குறைவு ஒவ்வொரு முறையும் இரண்டாகவா வரும்?" என்றேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொழுந்துக் கணக்கைத் தமிழில் வாய்விட்டு இன்னொரு தடவை வாசித்தேன்.

கதவோரத்தில் நின்ற தகப்பன் வாய்க்குள் கணக்குப் பார்த்தார். "பதிமூணு வருது, டீச்சரம்மா," என்றார்.

நானும் நண்பரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எப்படி என்று கேட்டேன். இதையும் கேட்கிறாளே என்பதுபோலப் பார்த்தார்.

"நிறுத்ததுன்னு சொன்னீங்களே. கூடைக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிப்பாங்கல்ல. கழிச்சிட்டுத்தானே எழுதுவாங்க."

எனக்குத் தேயிலையைக் கோப்பையில்தான் தெரியும். இவ்வளவு வருடம் கண்டியில் இருந்தும், தராசில் ஏறும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ இல்லாமல் போகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. தராசு காட்டுவது வேறு, உண்மையில் கணக்கில் வருவது வேறு என்று தாயும் தகப்பனும் தினமும் வந்து சொல்லக் கேட்டு வளர்ந்தவள், கொழுந்தென்றாலும் போஞ்சியென்றாலும் நிறுத்ததாகச் சொன்னதும் இரண்டைக் கழித்திருக்கிறாள். என் வகுப்பில் தோட்டத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். பட்டாணி யாரென்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. அன்று பின்னேரமே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். தகப்பனை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார். களைத்துப் போன முகம். நண்பர் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். பட்டாணி என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பஸ்ஸில் கொறித்துக்கொண்டு போகிற கடலை மாதிரி ஒன்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பெயரைச் சொன்னாலும், அதே பெயரில் அவளுக்காக வேறு யாரும் இருந்து செய்திருக்கலாம் என்றார்.

"மிஸிஸ், உங்கள் கொம்பியூட்டர் சொல்வதை நான் எழுத முடியாது," என்றார். "ஆனால் நீங்கள் சொல்வது உண்மையா என்று பார்க்கலாம். இதே கணக்குகளை அவளிடம் கொடுப்போம். இதே பிழைகளை விடட்டும்."

அவளைக் கூட்டிவந்தார்கள். தலை கலைந்திருந்தது. ஒரு கை மற்றக் கையை இறுகப் பிடித்திருந்தது. நான் அவளோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். கடைசித் தாளிலிருந்து கொடுங்கள் என்று நண்பர் கேட்டுப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. முதல் தாளிலிருந்து தானே ஐந்து கணக்கைத் தேர்ந்து எழுதிக் கொடுத்தார்.

அவள் வாங்கில் இருந்து, பென்சிலைப் பிடித்துச் செய்யத் தொடங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். முதல் கணக்கு சரி. இரண்டாவது சரி. அடைப்புக்குறிக்குள் இருந்த ஒவ்வொரு அடையாளத்தையும் ஒழுங்காக மாற்றினாள். மூன்றாவதும் சரி. வகுப்பில் நிலத்தைப் பார்த்து நின்ற பிள்ளை, ஒரு துவக்குக்காரன் பக்கத்தில் நிற்க, ஐந்து கணக்கையும் ஒரு கீறல் இல்லாமல் செய்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் அந்தக் கொம்பியூட்டர் அவளுக்குப் படிப்பித்துவிட்டது. நாங்கள் செய்ததிலேயே பெரிய வெற்றி அதுதான். அதைப்போல வயிற்றெரிச்சல் தந்த வெற்றியும் எனக்கு வேறில்லை.

"அப்படியானால் இது வேறு ஆள்," என்றார் இன்ஸ்பெக்டர், என் தாளைக் காட்டி.

நண்பர் விடவில்லை. நான்காம் தாளை எடுத்துக் காட்டி, பிழைகள் குறைந்துகொண்டு வருவதை விரலால் தொட்டு விளக்கினார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார்.

"நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள், சேர். மூன்று மூட்டை. நிறுத்த மூட்டை. எந்தப் பொருளும் பரவாயில்லை. சராசரி கேளுங்கள். அவள் என்ன விடை போடுவாள் என்று நான் முதலே எழுதித் தருகிறேன்."

இன்ஸ்பெக்டர் எளிய ஆங்கிலத்தில் எழுதினார். நிறுத்த உருளைக்கிழங்கு மூன்று மூட்டை: இருபத்திரண்டு, பதினேழு, பதினைந்து கிலோ. நண்பர் துண்டில் ஒரு எண்ணை எழுதி, மடித்து, மேசையில் வைத்தார். அதில் பதினாறு என்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். சரியான விடை பதினெட்டு.

அவள் கணக்கை வாசித்தாள். பென்சில் தாளுக்கு மேலே நின்றது. எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. நேற்று மூன்று தடவை கொம்பியூட்டர் அவளுக்குப் பிழை என்று சொல்லியிருக்கிறது. சரியான விடையையும் காட்டியிருக்கிறது. என்ன விடை போட்டால் எங்களுக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். மற்ற ஐந்தையும் போல இதையும் சரியாகச் செய்து காட்டினால் மிஸ் காப்பாற்றிவிடுவார் என்று அவள் நினைத்தால்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு பிள்ளை பிழை விட வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கடவுளிடம் கேட்டேன். அன்றைக்குக் கேட்டேன்.

பதினெட்டு என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வெட்டினாள். வெட்டிவிட்டுப் பக்கத்தில் பதினாறு என்று எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் துண்டை விரித்துப் பார்த்தார். ஏன் வெட்டினாய் என்று சிங்களத்தில் கேட்டார். அவளுக்குச் சந்தையில் பழகிய சிங்களம் தெரியும். "மூட்டைக்குக் கழிக்கணும், மாத்தயா," என்றாள். "கழிக்காம யாரும் எழுத மாட்டாங்க."

அவர் அறைக்கு உள்ளே போய் யாரோடோ தொலைபேசியில் பேசினார். அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்து ஒரு புத்தகத்தில் நீளமாக எழுதினார். என்னிடமும் நண்பரிடமும் கையெழுத்து வாங்கினார். முழுப் பெயரும் விலாசமும் கேட்டார், கொடுத்தேன். கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். ஐந்து தாளையும் அவரே வைத்துக்கொண்டார்.

காரில் தகப்பனும் மகளும் பின்னால் இருந்தார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினோம். மடவளைக்குப் போகிற பாதையில் திரும்பியபோது அவள், "மிஸ், கடைசிக் கணக்கு சரியா?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்க முதல் தகப்பன் அவளிடம் என்ன கணக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். "சரியாத்தானே செஞ்சிருக்க," என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களை வத்தேகமவில் இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த நாள் நண்பர் ஒரு புதிய பிழை வகையைச் சேர்க்க வேண்டும் என்று கொம்பியூட்டர் முன்னால் இருந்தார். அதற்கு நல்ல பெயராக ஒன்று வைக்கச் சொன்னார். எனக்குப் பெயர் வைக்க மனம் வரவில்லை. பிழை யாருடையது என்று எனக்கே தெரியவில்லை என்றேன். அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

அவள் ஒரு கிழமை வரவில்லை. வந்த அன்று நான் அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். வகுப்பில் சிரிக்க வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. சராசரிப் பாடத்தில் நிச்சயம் ஒரு கேள்வி வரும். திருத்துகிறவருக்குக் கூடையும் தெரியாது, ஈரமும் தெரியாது. ஆகவே உட்கார்த்தி வைத்து விளக்கினேன். தோட்டத்தில கழிக்கிறது நியாயமோ இல்லையோ, பரீட்சையில தந்த எண்ணை அப்படியே எடுக்கவேணும் என்றேன். அவளுக்கு முதலே விளங்கியிருந்தது. கொம்பியூட்டர் சொன்ன அன்றைக்கே விளங்கியதாம். அதற்குத் தோட்டத்துக் கணக்குத் தெரியாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் தன் விடையைப் போட்டாளாம்.

"பிறகென்ன, இனிச் சரியாச் செய்வீர்தானே?" என்றேன்.

அவள் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். அடையாள அட்டை இன்னும் வரவில்லை. அவள் வந்த பஸ்ஸை அன்று காலையிலும் இரண்டு இடத்தில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பார்த்திருந்தார்கள்.

"செய்வேங்க மிஸ்," என்றாள். "ஆனா எல்லாத்தையும் சரியாச் செஞ்சிட்டா, இன்னொரு தடவ புடிச்சாங்கன்னா, நான்தான்னு எப்புடி மிஸ் கண்டுபிடிப்பீங்க?"

அவளுக்கு இன்னும் ஆறு கணக்குக் கொடுத்தேன். ஆறையும் சரியாகச் செய்தாள். எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போட்டு, தாளை அவளிடமே கொடுத்தேன்.